இராமாநுஜன் உத்தியோகம் தேடிய வரலாறு

கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவன் முதன்முதல் இயற்றும் நூல் உத்தியோக விண்ணப்பமே. அதனைப் போலக் கடினமான நூல் பிறிதில்லை என்பது எழுதிப் பார்த்தார்க்கே விளங்கும். தன்னை மிகுத்துக் கூறின் செருக்கன் என்பர். அடக்கிக் கூறின் ஒன்றுமறியான் என்பர். உள்ளதை உள்ளவாறே கூறுவோமெனத் துணியின், உள்ளது யாது என்பதே அவ்வமயம் நமக்கு ஐயமாகி விடுகின்றது. எத்துணைச் சிறந்த நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கிய நன்னூலார், உடனே நான்கு இடங்களுக்கு விலக்களித்தனர். அரசவைக்கு ஓலை போக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வெல்லவேண்டிய காலத்தும், எதிரி தன்னைப் பழித்த பொழுதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவர் கருத்து. இவற்றுள் முன்னிரண்டும் உத்தியோகம் தேடுவார்க்கென்றே வகுத்தன போலும் என்று வகுப்பில் நாம் நகைத்ததுண்டு.

அவ்விரண்டு இடங்களிலும் நின்று தம் தகுதியை எடுத்துரைக்கப் பெரும்பாடுபட்ட ஒருவரின் வரலாற்றை இங்கே எழுதப் புகுகின்றோம். கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன் பெயரை அறியாத தமிழர் இலர். ஆயினும் அவர் புகழை அறிந்த அளவு, இருபது ரூபாய்க்கும் முப்பது ரூபாய்க்குமாக அவர் நடந்த நடையை நாம் அறிந்திலோம். தமிழ் பயிலும் நாம் கணிதரைப்பற்றி எழுதுவானேன் எனின், அவருடைய கணிதத்தை விளக்குவது நம் நோக்கமன்று. அதற்கு நாம் வல்லமும் அல்லேம். தம் பொருளைப் பிறர்க்குப் புலப்படுத்த அவர் கற்றுக்கொண்ட விதமே நாம் கருதியது. அது சொல்லின்பாற்பட்ட காரியமாதலின் நமக்கும் உரியதே.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடுவதாலும், வீட்டில் மாணவர் சிலருக்கு உணவிட்டு வருவதாலும் கிடைத்த சிறுபொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்த உதவினார். டவுன் ஹைஸ்கூலில் படிக்குங்கால், 1903-ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்கு வந்தது. அந்நூலில் சுமார் 5,000 கணித முடிபுகள் வரிசையாய் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை நிறுவும் வழியோ பெரும்பாலும் குறிப்பளவாகவே இருந்தது. மாணவர்க்குப் பரீட்சை நோட்டாக அமைந்த அந்நூல் இவர்க்கு வேதம் போலாயிற்று. அதனாலேயே ஒரு வழக்கமும் இவரைப் பற்றிக்கொண்டது. தாம் கண்டவற்றைச் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முடிபை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வழியை முழங்கையால் அழித்துவிடுவார். காகிதம் வாங்கப் பொருளில்லாமையும் இதற்கு ஒரு காரணம். பின்னாளில் அந்நோட்டுப் புத்தகத்தை ஏந்திக்கொண்டு இவர் யார் வாயிலில் நின்றாலும், காண்பார்க்கு அது பொன்னோ பித்தளையோ என்று தெரியாமற் போனதற்கு இவ்வழக்கமே காரணமாயிற்று.

1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் தவிர வேறொன்றும் ஏறாமையின், ஆங்கிலத்தில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் பயனில்லை. 1907-இல் தனித்துத் தேர்வெழுதியும் எப்.ஏ. பரீட்சை அவரைத் தள்ளிவிட்டது. 1909-இல் ஜானகி அம்மாளுடன் விவாகம் நடந்தது. பட்டமில்லை, பொருளில்லை, குடும்பமோ உண்டு. நம் நாட்டில் பல்லாயிரம் இளைஞர் நின்ற நிலையே இது.

1910-ஆம் ஆண்டில் அவர் திருக்கோயிலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவரிடம் இராமாநுஜன் வேண்டியது, ஏதேனும் ஒரு தாலூகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. தகுதிக்குச் சான்றாகக் காட்டியது அந்த நோட்டுப் புத்தகம். ஐயர் அதனைப் புரட்டிப் பார்த்து வியந்தார். இத்தகையவனை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து இவன் அறிவை அழிப்பது தகாதென்று எண்ணி, வேலை கொடாமல், சென்னையிலுள்ள அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங் கொடுத்து அனுப்பினார். அவர் செய்தது நன்றென்றே உலகம் கொண்டாடுகின்றது, நாமும் மறுக்கவில்லை. எனினும், பசியோடு வந்த ஒருவன் தகுதியின்மையாலன்றித் தகுதி மிகுதியால் வேலை பெறாமல் திரும்பும்போது அவன் மனம் எப்படியிருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அன்று அவருக்கு வேண்டியிருந்தது அரிசி, கிடைத்தது கடிதம்.

அக்கடிதம் சென்னை இராஜதானிக் கலாசாலையில் கணித ஆசிரியராயிருந்த பி. வி. சேஷு ஐயரிடம் அவரைச் சேர்ப்பித்தது. அவர் முன்னரே கும்பகோணத்தில் இவரை அறிந்தவர். சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் ஆர். இராமச்சந்திர ராவுக்கு மற்றொரு கடிதங் கொடுத்தார். 1910-ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்த அச்சந்திப்பை ராவ் அவர்களே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். குட்டையான தடித்த உருவம், மழிக்காத முகம், அத்துணைத் தூய்மையில்லாத தோற்றம், கக்கத்தில் கிழிந்த நோட்டுப் புத்தகம், கண்கள் மட்டும் ஒளி வீசின. வந்தவர் புத்தகத்தை விரித்துத் தாம் கண்டவற்றை விளக்கத் தொடங்கினார். கலெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்வது உண்மையோ உளறலோ என்று துணியவும் இயலவில்லை. பின்னர் வரச்சொல்லி அனுப்பினார்.

அடுத்து நடந்ததே நாம் ஊன்றிக் காணவேண்டியது. மறுமுறை வந்த இராமாநுஜன், கேட்பவருடைய அறிவின் அளவைத் தெரிந்துகொண்டு வந்தார். தாம் பெரிதெனக் கருதியவற்றை ஒதுக்கிவைத்து, எளியவை சிலவற்றை முதலிற் காட்டினார். எளியவையாயினும் அவை அதுவரை எப்புத்தகத்திலும் காணப்படாதவை. அவற்றைக் கண்ட ராவுக்கு ஐயம் நீங்கியது. அதன்பின் படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகளுக்கும், முடிவில் எல்லையின்றி விரியும் தொடர்களைப்பற்றிய தம் கொள்கைக்கும் அவரை இட்டுச் சென்றார். கொள்வோன் கொள்வகை அறிந்து கொடுத்தலை நல்லாசிரியன் இலக்கணமாக நாம் பாடங் கேட்டிருக்கின்றோம். வேலை தேடுவோனுக்கும் அவ்விலக்கணம் வேண்டும் என்பது நெல்லூரில் விளங்கிற்று.

என்ன வேண்டும் என்று ராவ் வினவியபோது, ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்துவதற்கு உயிர் வாழும் அளவு உணவு போதும் என்பதே இராமாநுஜன் விடை. ராவ் மாதந்தோறும் பொருள் அனுப்பிச் சென்னையில் இருக்கச் செய்தார். அப்பொருளைப் பெற்றுவந்த இராமாநுஜனுக்கு மன அமைதி இல்லை. உபகாரச் சம்பளம் வாங்கித் தரச் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ஒருவருக்கு நெடுநாள் பாரமாயிருக்க விரும்பாது, சிறு உத்தியோகமாயினும் தேடிக்கொள்ளத் துணிந்தார். இத்துணிவை நாம் அவருடைய கணிதத்திற்குக் குறையாத பெருமையாகக் கருதுகின்றோம்.

இதற்கிடையே 1911-இல் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. பெர்னூலி எண்கள் எனப்படுவனவற்றைப்பற்றியது அது. பத்திரிகாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அக்கட்டுரையை அச்சிடுதற்கு முன் திருத்தத்திற்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருப்பியனுப்ப நேர்ந்தது. புதுமையும் சுருக்கமும் மிகுந்து, தெளிவு குறைந்திருந்தமையின், பழக்கமில்லாத வாசகர் அதனைப் பின்தொடர்வது அரிதென்பது அவர் எண்ணம். வழியை அழித்துவிட்ட முழங்கையின் வேலை இங்கேயும் தொடர்ந்தது போலும்!

1912-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கவுண்டெண்டு ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலையாகச் சில வாரங்கள் இருந்தார். பின்பு, பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைப் போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதினார். அவ்விண்ணப்பம் மிகச் சிறியது. ஆபீஸில் குமாஸ்தா வேலை காலியென்று அறிந்தமை. மெட்ரிகுலேஷன் தேறி எப்.ஏ. வரை படித்தமை, எதிர்பாராத சில இடையூறுகளால் படிப்புத் தடைப்பட்டமை, அதுமுதல் முழு நேரத்தையும் கணிதத்திற் செலவிட்டு வருகின்றமை, வேலை கிடைப்பின் திறம்படச் செய்யும் உறுதி, இவ்வளவே அதிலுள்ளவை. அச்சில் வந்த கட்டுரையைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பரீட்சையில் தவறினேன் என்பதையும் எழுதவில்லை. இடையூறு என்னும் சொல் அதனைப் போர்த்திக்கொண்டது. இதில் பொய் இல்லை, பெருமையும் இல்லை. நாம் இதைப் படித்தபோது, எந்த ஊரிலும் எந்த இளைஞனும் எழுதக்கூடிய விண்ணப்பமாயிற்றே என்று ஏமாற்றமே அடைந்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், குமாஸ்தா வேலைக்கு அதற்கு மேல் என்ன எழுதுவது என்றும் தோன்றியது. நன்னூலார் தந்த விலக்கை இராமாநுஜன் இங்கே பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவருக்காகப் புகழ்ந்தவர் வேறொருவர். விண்ணப்பத்தோடு, இராஜதானிக் கலாசாலைக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரையின் நற்சான்றும் வைக்கப்பட்டிருந்தது. கணிதத்தில் வியக்கத்தக்க ஆற்றலுடையவர் என்று அது கூறிற்று.

1912 மார்ச்சு 1-ஆம் தேதி முதல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இராமாநுஜன் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா ஆனார். அவருக்கு அங்கே வாய்த்த மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், முன்பு திருச்சிராப்பள்ளியில் கணிதம் கற்பித்தவர். கணித சங்கத்தின் பொருளாளர். டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கு, ஓர் எஞ்சினீயர். கணக்கெழுதும் வேலைக்கு இடையில் கிடைத்த பொழுதில் இராமாநுஜன் கணிதம் போட்டார். சரக்குக் கட்டிவந்த காகிதங்களும் அதற்குப் பயன்பட்டன.

மாலை வேளைகளில் நாராயண ஐயர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு அமர்வார்கள். இராமாநுஜன் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்குத் தாவிச் செல்வார். கணிதம் கற்பித்துப் பழகிய ஐயருக்கே அத்தாவல் எட்டவில்லை. எனக்கே விளங்காததை வேறு யார் ஒப்புக்கொள்வார், நீர் என் நிலைக்கு இறங்கிவந்து இரண்டு அடிகளுக்கிடையே பத்து அடிகளேனும் எழுதவேண்டும் என்ற கருத்துப்பட ஐயர் வற்புறுத்துவார். இராமாநுஜனுக்கு இது சலிப்பைத் தந்தது. தமக்கு வெளிப்படையாயிருப்பதை மறுபடி மறுபடி எழுதுவானேன் என்பது அவர் மனம். ஆயினும் எழுதினார். இராமாநுஜன் வரலாற்றை எழுதுவோர் கேம்பிரிட்ஜுக்கு விரைவதில் இந்தச் சிலேட்டுகளைக் கடந்து போய்விடுகின்றனர். மேலதிகாரி ஒருவர் தம் குமாஸ்தாவின் முன் மாணவராய் அமர்ந்து, தமக்குப் புரியவில்லை என்று மாலைதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தியோக உலகில் இது எளிதிற் காணும் காட்சியன்று.

ஸர் பிரான்ஸிஸும் பிறரும் இவருடைய தாள்களை இங்கிலாந்திற்கு அனுப்பிக் கருத்துக் கேட்டனர். இலண்டனிலிருந்து ஹில் என்னும் பேராசிரியர் எழுதிய மறுமொழி, இவருக்குக் கணிதத்தில் நாட்டமும் திறமையும் உண்டெனினும், விரிதொடர்களில் வழுக்கி விழுந்துவிட்டார் என்னும் பொருள் பட இருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறு இரு பெரும் கணிதர்க்கு இராமாநுஜனே எழுதியும் பயன் விளையவில்லை.

1913 ஜனவரி 16-ஆம் தேதி அவர் மூன்றாவதாக ஒருவருக்கு எழுதினார். அவரே டிரினிடி கலாசாலையைச் சேர்ந்த ஜி. எச். ஹார்டி. ஓராண்டிற்கு முன் எழுதிய போர்ட் டிரஸ்ட் விண்ணப்பத்தையும் இக்கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. கடிதம் அடக்கமாகவே தொடங்குகின்றது. போர்ட் டிரஸ்டில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். வயது சுமார் 23 என்று எழுதினார். உண்மையில் அப்பொழுது 25 நிறைந்திருந்தது. வேலை தேடுவார் வயதைச் சிறிது குறைத்துக் கூறும் வழக்கம் பழமையானது போலும்! சர்வகலாசாலைக் கல்வி தமக்கு இல்லையென்பதை இம்முறை இடையூறு என்னும் போர்வையின்றி நேரே கூறிவிட்டார். தமக்கென ஒரு புதுவழி வகுத்துக்கொண்டு செல்வதாகவும், அதில் கண்ட முடிபுகளை இங்குள்ள கணிதர் திகைப்பூட்டுவன என்கின்றனர் என்றும் சொன்னார். ஆற்றல் உணராதாரிடையே தன்னைப் புகழும் உரிமையை அவர் எடுத்துக்கொண்ட இடம் இதுவே.

அடுத்து ஹார்டியின் நூலொன்றையே எடுத்துக்கொண்டார். 1910-இல் வெளியான அந்நூலின் 36-ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்கு உட்பட்ட பகா எண்கள் எத்தனை என்பதற்குத் திட்டமான கோவை இன்னும் காணப்படவில்லை என்று ஹார்டி எழுதியிருந்தார். அதனைத் தாம் கண்டுவிட்டதாக இராமாநுஜன் எழுதினார். யாருக்கு எழுதுகின்றோமோ அவருடைய பக்கத்திலேயே தொடங்கியது இக்கடிதம். நெல்லூரில் கற்ற பாடம் இங்கே முற்றியது என்போம். அக்குறிப்பிட்ட கோவை பின்னர்ப் பிழையென்று தெரிந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் கடிதத்தோடு வந்த சுமார் 120 முடிபுகளுள் வேறு சில, ஹார்டி அதுவரை எங்குமே கண்டிராதவை. முதலில் இது யாரோ செய்த ஏமாற்றோ என்று ஐயுற்ற ஹார்டி, நண்பர் லிட்டில்வுட்டுடன் அன்றிரவு அத்தாள்களை ஆராய்ந்து, இவற்றைப் பொய்யாகப் புனையும் கற்பனை எவனுக்கும் இராதாகையால் இவை உண்மையாகவே இருக்கவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார்.

கடிதத்தின் வேண்டுகோளும் கருதத்தக்கது. தாம் ஏழை, இவற்றில் மதிப்புடையது ஏதேனும் உண்டெனத் தோன்றினால் வெளியிட விருப்பம், அனுபவமில்லாத தமக்கு எந்த ஆலோசனையும் பெரிது, இவ்வளவே கேட்டார். பிப்ரவரி 8-ஆம் தேதி ஹார்டி நிறுவும் வழிகளைக் கேட்டு மறுமொழி எழுதினார். பிப்ரவரி 27-ஆம் தேதி இராமாநுஜன் விடுத்த விடையில், அரைப்பட்டினியாயிருக்கும் தாம் மூளையைக் காத்துக்கொள்ள உணவு வேண்டுமென்றும், ஹார்டியின் பரிவான கடிதம் ஒன்று கிடைத்தால் சர்வகலாசாலையிலோ அரசாங்கத்திலோ உபகாரச் சம்பளம் பெற உதவும் என்றும் வெளிப்படையாக எழுதினார். மூன்றாண்டு அலைந்தவர்க்குக் கூச்சம் போய்விட்டது. தமக்கு வேண்டியது புகழுரை அன்று, ஆபீஸ் மேஜைமேல் வைக்கக்கூடிய ஒரு தாள் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

அதே மாதத்தில் போர்ட் டிரஸ்டுக்கு வந்த வானிலை ஆராய்ச்சித் தலைவர் கில்பர்ட் வாக்கர் துரையும் இவருடைய தாள்களைக் கண்டு, சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்துரைத்தார். விதிகளின்படி ஆராய்ச்சிச் சம்பளம் பட்டதாரிகளுக்கே உரியது, இவரோ எப்.ஏ. தேறாதவர். எனினும் விதியைத் தளர்த்தி, 1913 மே 1-ஆம் தேதி முதல் இரண்டாண்டிற்கு மாதம் 75 ரூபாய் அளித்தனர். மூன்று மாதத்திற்கொருமுறை தம் வேலையைப்பற்றி அறிக்கை தரவேண்டுமென்பது கட்டளை. பரீட்சை தள்ளியவரைச் சர்வகலாசாலை தேடி அழைத்தது. பரீட்சை தேறவேண்டிய நிலையிலுள்ள நாம் இதனை அளவுக்கு மீறி மெச்சுதல் ஆபத்து!

பின்னர் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 1914 மார்ச்சு 17-ஆம் தேதி சென்னையிற் கப்பலேறினார். சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதிலிருந்து ஒரு பகுதி கும்பகோணத்திலுள்ள தாயாருக்குச் சேர ஏற்பாடு செய்துகொண்டே சென்றார். 1916-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காகப் பட்டமளித்தது. 1918-இல் ராயல் சொஸைடியிலும், பின்பு டிரினிடி கலாசாலையிலும் அங்கத்தினர் ஆனார். யுத்த காலமும், குளிரும், ஏற்ற உணவின்மையும் உடலை உருக்கிவிட்டன.

இலண்டனில் மருத்துவ விடுதியில் நோயாய்க் கிடக்கும்போது, ஊர் திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைச் சர்வகலாசாலை அறிவித்தது. 1919 ஜனவரி 11-ஆம் தேதி அவர் ரிஜிஸ்திராருக்கு விடை எழுதினார். இராமாநுஜன் சம்பளத்தைப்பற்றி எழுதிய கடிதங்களுள் நம் மனத்தை மிகவும் தொட்டது இதுதான். தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். தம் செலவு போகப் பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளக் குறைப்புக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். உடல்நலமின்மையால் சென்ற இரண்டாண்டுகளில் முன்போல் வேலை செய்ய முடியாமற் போனதற்கு வருந்துவதாகவும், விரைவில் மிகுதியாகச் செய்ய முயல்வதாகவும் எழுதினார். உபகாரச் சம்பளம் போனதால் கலாசாலையை இழந்த கும்பகோணத்துச் சிறுவனை அவர் மறக்கவில்லை.

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். 1920 ஜனவரி 12-ஆம் தேதி ஹார்டிக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதினார். இத்தனை நாள் எழுதாமைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, போலித் தீட்டாச் சார்புகள் எனத் தாம் பெயரிட்ட புதியன சிலவற்றைக் கண்டதாகத் தெரிவித்து, எடுத்துக்காட்டுகளையும் உடன் அனுப்பினார். அக்கடிதத்தில் தமக்கென்று எதனையும் வேண்டவில்லை. ஏப்ரல் 26-ஆம் தேதி, சென்னைச் சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில் காலமானார். படுக்கையிலும் கணிதம் போட்டுக்கொண்டிருந்த தாள்களை ஜானகி அம்மாள் சேர்த்து வைத்தார்.